அந்த ரெண்டு பெட்டியையும் திருப்பி உள்ள வைங்க

எங்க புளோக்குக்குக் கீழ இருக்கிற பாலர் பள்ளி நிர்வாகத்துக்கும், அங்க புள்ளைங்கள விடுற தமிழ்ப் பெற்றோர் குழுவுக்கும்,

போன வியாழக்கிழமை சாயந்தரம் பேத்தியக் கூட்டிட்டு வர வந்தேன். குப்பை போடுற இடத்துக்குப் பக்கத்துல நீலக்கலர் மறுசுழற்சித் தொட்டி இருக்கே, அதுக்குக் கீழ ரெண்டு அட்டைப்பெட்டி, மூடாம கெடந்துச்சு. மேலாப்புல ஒரு யானைப் புத்தகம், காது கிழிஞ்ச யானை. பேத்தி என் கைய உதறிட்டு ஓடிப்போயி "தாத்தா, நம்ம யானை!"ன்னா. நம்ம யானை. அது உங்க பள்ளி யானைதான், ஆனா ஒரு வருஷமா தெனம் பாத்ததுல அவளோடதாயிருச்சு.

கிளீனர் ஆண்டிகிட்ட கேட்டேன், "வேணாம்னு சொல்லிட்டாங்க அங்கிள், காலைல லோரி வரும்"னாங்க. நான் பாசாருக்கு எடுத்துட்டுப் போற டிராலிய மேல போயி எடுத்துட்டு வந்து ரெண்டு பெட்டியையும் வீட்டுக்கு ஏத்திட்டேன். அது திருட்டுன்னா திருட்டுன்னே வச்சுக்குங்க. எண்ணிப் பாத்தேன், 43 புத்தகம். அத்தனையும் தமிழ். ஒரு சீனப் புத்தகம் இல்ல, ஒரு மலாய்ப் புத்தகம் இல்ல, இங்லீஷ் புத்தகம் ஒண்ணுகூட இல்ல.

அடுத்த நாள் உங்க சுற்றறிக்கை வந்துச்சு. புத்தகமெல்லாம் கிழிஞ்சு அழுக்கா இருக்கு, சுகாதாரம் இல்லன்னு ஒண்ணு. புள்ளைங்க அத படிக்கிறதில்ல, "படம் மட்டும்தான் பாக்குறாங்க"ன்னு ரெண்டாவது. அந்தப் புத்தக மூலைல நாலு டேப்லெட் வச்சு தமிழ் எழுத்துப் பயிற்சி மூலையா மாத்தப் போறோம், தொடக்கநிலை ஒண்ணுக்குப் புள்ளைங்க தயாராகணும்னு மூணாவது. கடைசில ஒரு வரி, பெற்றோர் ஒப்புதலோடன்னு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல தமிழ்ல எழுதுறேன். பிரின்சிபல் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அவங்களுக்கு என் மருமக இங்லீஷ்ல மாத்தி அனுப்புறேன்னு சொல்லியிருக்கா. ஆனா வாட்ஸ்அப்ல ஓட்டுப் போட்டது நாம. தமிழ்க் குடும்பம் மொத்தம் 14, அதுல 9 பேரு கட்டைவிரல தூக்கிட்டீங்க. ஒரு கட்டைவிரல் என் மகனோடது. அதுக்கப்புறம் ரெண்டு நாளு எங்க வீட்ல பேச்சு வார்த்தை இல்ல, அத விடுங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லன்னா கெழவனுக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சுக்குவீங்க. 1978லேருந்து 2009 வரைக்கும் 31 வருஷம் ஜூரோங் பக்கம் ஒரு பெரிய பிரஸ்ல ஆஃப்செட் மிஷின்ல நின்னவன். அந்தக் காலத்துல இங்கிலாந்து, அமெரிக்கான்னு வெளிநாட்டுப் பதிப்பாளருக்குப் போற குழந்தைப் புத்தகம் எக்கச்சக்கமா சிங்கப்பூர்லதான் அச்சாச்சு. பக்கத்தத் தொறந்தா வீடு எந்திரிச்சு நிக்கும், முதலை வாயத் தொறக்கும், அந்த மாதிரி புத்தகத்த ஒவ்வொண்ணா கையால ஒட்டுறதுக்குன்னே பெரிய ஹால்ல வரிசையா பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. கைக்குழந்தைக்கான கெட்டி அட்டைப் புத்தகமும் போட்டிருக்கோம், ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச போர்ட முதுகோட முதுகு ஒட்டி, மூலைய வட்டமா வெட்டி, அந்த மூலை வட்டமா இல்லன்னா மொத்த லாட்டும் திரும்பி வரும், ஏன்னா கொழந்தை கண்ணுல குத்திக்கும். ஐரோப்பாவுக்குப் போற சரக்குன்னா ஈஎன் 71னு ஒரு பொம்மைப் பாதுகாப்பு டெஸ்ட் இருக்கு, கொழந்தை வாயில வச்சு சப்புனா மைலேருந்து ஈயம் மாதிரி எதுவும் எறங்கக் கூடாது. ஆக, புத்தகத்த சப்பும், கடிக்கும்னு தெரிஞ்சுதான் செஞ்சாங்க, நாங்களும் தெரிஞ்சுதான் அச்சடிச்சோம்.

ஒரு படம் எப்படி வருதுன்னு பாத்திருக்கீங்களா. சயான், மஜெண்டா, மஞ்சள், கருப்புன்னு நாலு பிளேட்டு. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு மயிரிழை பிசகாம உக்காரணும். ஒரு பிளேட்டு கொஞ்சம் நகந்தாலும் புலியோட மீசைக்குப் பக்கத்துல இன்னொரு மீசை தெரியும், உதட்டுச் சாயம் கன்னத்துல தெரியும், ரிஜிஸ்டர் அவுட்டுன்னு சொல்லுவோம். லூப்புன்னு ஒரு பூதக்கண்ணாடி, அத கண்ணுல வச்சுக்கிட்டு ஒரு கோழிக்குஞ்சோட மஞ்சளுக்காக ஒரு மணி நேரம் மிஷின நிறுத்தி வச்சு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன். ஒரு வயசுக் கொழந்தை பாக்கப் போற கோழிக்குஞ்சுக்கு அத்தன பாடு.

அந்த 31 வருஷத்துல தமிழ் எழுத்து போட்ட ஒரு குழந்தைப் புத்தகம்கூட என் மிஷின்ல ஓடல. ஒண்ணுகூட. தமிழ்ல நான் பாத்த அச்சு வேலை எல்லாம் தேக்கா பக்கம் சின்னப் பிரஸ்ல கூட்டாளிக்குக் கை குடுக்கப் போனப்ப போட்ட கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக மலரும்தான். அந்த வருத்தம் எனக்கு உண்டு. அதனாலதான் 43 தமிழ்ப் புத்தகம் குப்பைப் பக்கத்துல கெடந்தத பாத்ததும் வயிறு எரிஞ்சுச்சு.

சரி, "படம் மட்டும்தான் பாக்குறாங்க". இத எழுதுனவங்க யாருன்னு தெரியல, ஆனா ஒரு பத்து மாசக் கொழந்தைய மடில வச்சுப் பாத்ததில்லன்னு மட்டும் தெரியுது. புத்தகத்துல படம் பாக்குறதுதான் அந்த வயசுல படிக்கிறது, வேற என்னத்த படிக்கும், முன்னுரையயா?

என் பேரன் பொறந்து மூணாவது வாரம், நானே அவனுக்கு ஒரு புத்தகம் செஞ்சேன். பச்சக் கொழந்தைக்கு 20லேருந்து 30 செண்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாத் தெரியும், பால் குடிக்கிறப்ப அம்மா மொகம் இருக்கிற தூரம். மங்குன கலரெல்லாம் பிடிபடாது, கருப்பும் வெள்ளையுமா பளிச்சுன்னு இருந்தாத்தான் கண்ணு நிக்கும். இங்க கடைல அதுக்குன்னு கருப்பு வெள்ளை அட்டைப் புத்தகம் விக்கிறான், வெலையப் பாத்து வெச்சுட்டு வந்துட்டேன். வீட்ல வெள்ளை அட்டை இருந்துச்சு, தடி மார்க்கர் இருந்துச்சு, என் வீட்டம்மாகிட்ட கோலம் இருந்துச்சு. அஞ்சு புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், ஒரு நட்சத்திரம், ஒரு மீனு. எட்டு அட்டை, மூலைய கத்திரிக்கோலால வட்டமா வெட்டி, ரிப்பன்ல கோத்து தொட்டில் பக்கத்துல நிக்க வச்சோம். அந்தச் சிக்குக் கோலத்த அவன் பாத்த பார்வை இருக்கே, நெத்தியச் சுருக்கிக்கிட்டு, கடைக்காரர் கணக்குப் பாக்குற மாதிரி. மத்த அட்டையக் காட்டுனா சீக்கிரம் தலையத் திருப்பிக்குவான், கோலத்துக்கு மட்டும் காலு ரெண்டும் சைக்கிள் ஓட்டும்.

இப்ப அவனுக்குப் பத்து மாசம். வெரலு நீட்டக் கத்துக்கிட்டான். காக்காப் படத்து மேல வெரல வச்சுட்டு என் மூஞ்சியப் பாப்பான். நான் "கா கா"ன்னு கத்தணும். கத்துனதும் அடுத்த பக்கம் இல்ல, திரும்பவும் அதே காக்கா. பதினேழு தடவ ஒருநாள் கத்துனேன், பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவத் தட்டி எல்லாம் நல்லாருக்கான்னு கேட்டுட்டுப் போனாங்க.

பெரியவ கதை வேற. நாலு வயசு, வீட்ல நான் தமிழ்ல கேட்டாலும் பதில் இங்லீஷ்ல வரும், உங்க வீட்லயும் அதான நடக்குது. அந்த 43ல ஒரு புத்தகம் இருக்கு, சந்தைக்குப் போற பாட்டியப் பத்தினது. கதைல பல்லியப் பத்தி ஒரு எழுத்துகூட கெடையாது. ஆனா வரைஞ்சவரு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு பல்லிய ஒளிச்சு வச்சிருக்காரு, கூடைக்குப் பின்னால, குடை மேல, கடைசிப் பக்கத்துல பாட்டியோட கொண்டைல. நான் அம்பது வருஷமா படம் பாக்குற ஆளு, எனக்குத் தெரியல. அவதான் கண்டுபிடிச்சா. கண்டுபிடிச்சுட்டு சத்தமா சொன்னா, "தாத்தா, பல்லி பாட்டிக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கிச்சு!" ஒளிஞ்சுக்கிச்சு. இந்த வார்த்தைய எந்த எழுத்துப் பயிற்சி ஏடு சொல்லிக் குடுக்கும், எந்த டேப்லெட் சொல்லிக் குடுக்கும். ஒரு பல்லிய பாத்து, அத யாருகிட்டயாவது உடனே சொல்லியே ஆகணும்கிற தவிப்புல வந்த வார்த்தை அது. அந்தப் புத்தகம் ரெண்டாவது பெட்டில அடில இருந்துச்சு, அதுக்கு மேல யாரோ ஒடைஞ்ச கிரேயான் டப்பாவக் கொட்டியிருந்தாங்க.

நம்ம சிங்கப்பூர்ல 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, அஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்கள்ல வீட்ல அதிகமா தமிழ் பேசுறவங்க நூத்துக்கு 3.3. 2020ல அது 2.5. ஏப்ரல் மாசம் தமிழ்மொழி விழாவுக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போயி முன்வரிசைல உக்காந்து கைதட்டுறோம், எல்லாம் சரிதான், நானும் போறேன், வடை நல்லாருக்கும். ஆனா அந்த 3.3ம் 2.5ம் மேடைல கொறையல தம்பி, நம்ம வீட்டுச் சோபாவுல கொறைஞ்சுச்சு.

இப்ப உங்க பக்கத்து நியாயத்தயும் பேசுவோம். நான் 43ஐயும் ஒண்ணொண்ணா எடுத்து, பிரஸ்ல சரக்கு செக் பண்ற மாதிரி சாப்பாட்டு மேசைல பரப்பிப் பாத்தேன். உண்மையச் சொல்றேன், அதுல 15 புத்தகத்த நானே தூக்கிப் போட்டுருவேன். கம்ப்யூட்டர்லேருந்து எடுத்து ஒட்டுன ஆப்பிள், அதே சைஸ்ல ஒட்டகம், ரெண்டுக்கும் ஒரே நெழல். ஒரு புத்தகத்துல கரு நீல ராத்திரி வானத்து மேல கருப்பு எழுத்து, என் கண்ணாடி போட்டும் படிக்க முடியல. இன்னொண்ணுல பக்கம் பூரா எழுத்து, ஓரத்துல தபால்தலை மாதிரி ஒரு படம். இங்லீஷ்ல ஒரு வரில இருந்தத தமிழ்ல மூணு வரியா நீட்டி, எடம் பத்தாம எழுத்தச் சின்னதாக்கி, "வண்ணத்துப்பூச்சியானது மெல்லப் பறந்து சென்றுகொண்டிருந்தது"ன்னு. மூணு வயசுப் புள்ளைகிட்ட அப்படியா பேசுவோம்? "பட்டாம்பூச்சி பறந்து போச்சு", முடிஞ்சுது. 2005லயே தமிழ்ப் பாடத்திட்டத்தப் பாத்த குழு, புள்ளைங்களுக்குப் பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் குடுக்கணும்னு சொல்லியாச்சு, இருபது வருஷம் ஆச்சு, படப் புத்தகம் எழுதுற ஆளுங்களுக்கு இன்னும் அந்தத் தகவல் போய்ச் சேரல போல. அப்புறம் ஃ-ன்னா எஃகு. எந்த மூணு வயசுக்கு எஃகு வேணும் சொல்லுங்க.

அதனால புள்ளைங்க தமிழ்ப் புத்தகத்த எடுக்கலன்னு நீங்க சொன்னா, இந்த 15 விஷயத்துல புள்ளைங்க கரெக்டு, நீங்களும் கரெக்டு. அதுங்களுக்கு நல்ல கண்ணு இருக்கு. ஆனா மீதி 28 இருக்கே! அழுக்குப் புத்தகம் எதுன்னு பாத்தீங்களா? இந்த 28தான். அந்த 15ம் புத்தம்புதுசா, முதுகு வளையாம, பளபளன்னு இருக்கு, ஏன்னா யாரும் தொடல. காது கிழிஞ்ச யானை, ஓரம் கடிபட்ட மாம்பழம், நடுப்பக்கம் கழண்ட பஸ்ஸு, இதெல்லாம் புள்ளைங்க சண்டை போட்டு இழுத்து கிழிச்சது. நீங்க கிழிசல பாத்து எது குப்பைன்னு முடிவு பண்ணீங்க. அத தலகீழாப் பாத்திருக்கணும்.

அந்த 28ல என்ன இருக்குன்னு சொல்றேன், நாளைக்கு நீங்களா வாங்கப் போனாலும் உதவும். மொதல்ல, புத்தகத்தத் தொறந்து தரைல வச்சா அது தானா மூடிக்கக் கூடாது, கொழந்தைக்கு ரெண்டு கை இல்ல, ஒரு கை எப்பவும் வாயில இருக்கும். நடுவுல மடிப்புக்குள்ள மூஞ்சி மாட்டிக்கக் கூடாது. அம்மா மொகம் பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம்னு வரைஞ்சு பைண்டிங்ல மூக்கே காணாமப் போன புத்தகமெல்லாம் உண்டு. அப்புறம் தலைமுடி பாருங்க, தோல் நெறம் பாருங்க. நம்ம புள்ளைய மாதிரி எண்ணெய் வச்ச சுருட்ட முடி, கருத்த முழங்கால், மூக்குத்தி போட்ட பாட்டி. என் பேத்தி ஒரு படத்தக் காட்டி "இது நான்"னா, எதுக்குன்னு பாத்தா அதுல இருந்த புள்ளைக்கு முழங்கால்ல ஒரு பிளாஸ்திரி. எழுத்து கம்மியா இருக்கணும், அந்த எழுத்து படத்துல இருக்கிறதயே திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது. படம் ஒண்ணு சொல்லணும், எழுத்து ஒண்ணு சொல்லணும், நடுவுல கொழந்தை பூந்து மூணாவது ஒண்ணு சொல்லும். அந்தப் பல்லி மாதிரி. கடைசியா, பக்கத்தத் திருப்புறதுக்கு முன்னாடி ஒரு "அப்புறம்?" இருக்கணும். திருப்பாமயே என்ன வரும்னு தெரிஞ்சுட்டா எறங்கி ஓடிப் போயிரும்.

நல்ல சரக்கு தமிழ்ல இல்லன்னு யாரும் சொல்லாதீங்க. சென்னைல தூலிகான்னு ஒரு பதிப்பகம் 1996லேருந்து இருக்கு, தமிழ் உள்பட பல மொழில படப் புத்தகம் போடுறாங்க. பேருக்கே தூரிகைன்னுதான் அர்த்தம். அதே சென்னைல தாரா புக்ஸ், 1994லேருந்து. கையால செஞ்ச பேப்பர்ல, ஒவ்வொரு கலரயும் தனித்தனியா ஸ்கிரீன் வச்சு கையாலயே இழுத்து, நூலால தச்சு, மத்தியப் பிரதேசத்து கோண்ட் பழங்குடி ஓவியருங்களோட சேந்தெல்லாம் புத்தகம் பண்ணியிருக்காங்க. ஒரு தடவ கைல வச்சுப் பாத்தேன், மை வாசனை அப்படியே இருந்துச்சு, என் வயசுல ஒரு மிஷின்மேன் கண்ணு கலங்குனா சிரிப்பீங்க. காசு இல்லன்னா பெங்களூரு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு இணையதளம் இருக்கு, 2015லேருந்து. ஏகப்பட்ட மொழி, தமிழும் இருக்கு, எறக்கி அச்சடிச்சுக்க அவங்களே அனுமதி குடுக்குறாங்க. ஒரு வெள்ளி செலவில்லாம எடுக்கலாம். அதுலயும் உமி அரிசி ரெண்டும் கலந்துதான் இருக்கும், பொறுக்கணும். நம்ம நூலகத்துல எடுத்தா 21 நாளு வீட்ல வச்சுக்கலாம்.

எனக்கு இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, செம்பவாங் கடற்படைத் தளத்துல எங்கப்பா வேல பாத்தாரு, வெள்ளைக்காரன் 1971ல கெளம்புற வரைக்கும். மாசச் சம்பளம் வாங்குன அன்னைக்குச் சிராங்கூன் ரோட்டுல ஒரு கடைல அம்புலிமாமா வாங்கிட்டு வருவாரு. அதுல சங்கர்னு ஒருத்தர் வரைவாரு, விக்ரமாதித்தன் கைல கத்தியோட சுடுகாட்டுல நடந்து வருவான், தோள்ல வேதாளம் இருக்கிற பொணம். எழுத்துக் கூட்டத் தெரியாத வயசு எனக்கு. அந்த ஒரு படத்த கவுந்து படுத்துக்கிட்டு பாத்துக்கிட்டே இருப்பேன், அடில சிதறிக் கெடக்குற மண்டையோட்ட எண்ணுவேன். என்னதான் எழுதியிருக்கு இதுலன்னு ஒரு ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்துலதான் நான் எழுத்துக் கத்துக்கிட்டேன். ஆக, மொதல்ல படம், அப்புறம் ஆத்திரம், அதுக்கப்புறம் எழுத்து. உங்க எழுத்துப் பயிற்சி மூலைல முன்னாடி உள்ள ரெண்டயும் தூக்கிட்டீங்க.

டேப்லெட் வேணாம்னு நான் சொல்லல. ஆனா அதுல காக்காவத் தொட்டா காக்காவே கத்திடுது, தாத்தா தேவப்படல. புள்ளையும் கத்த வேண்டியதில்ல. இது என் கொறைன்னு தள்ளுனாலும் பரவால்ல, சுகாதார அமைச்சு 2025 ஜனவரில சொன்னத தள்ள முடியுமா? 18 மாசத்துக்குக் கீழ திரை கூடாது, 18 மாசத்துலேருந்து 6 வயசு வரைக்கும் பள்ளிக்கு வெளிய ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள. வீட்ல இந்த ஒரு மணி நேரத்துக்கே நாம தெனம் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம், பள்ளிக்கூடத்துலயும் அதே கண்ணாடியா?

இனி பெத்தவங்களுக்கு. மூணாவது நாளு என் மகன் வாயத் தொறந்தான். நான் என்னமோ டேப்லெட் மோகம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னது வேற. "அப்பா, வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டுங்கன்னு நிக்கிறா. எனக்குப் பாதி எழுத்து தடுமாறுது. அவ முன்னாடி அசிங்கமா இருக்கு. டேப்லெட்டுன்னா அதுவே படிச்சுரும்." அவன் உயர்நிலைப் பள்ளி முடிக்கிற ஓ லெவல் பரீட்சைல தமிழ் எடுத்தவன், பாஸும் பண்ணினவன். அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷமா ஒரு பக்கம் தமிழ் படிக்க வேண்டிய தேவையே அவனுக்கு வரல. நான் திட்டல. திட்ட எனக்கும் யோக்கியதை இல்ல, அவன் சின்னப் பையனா இருந்தப்ப நான் நைட் ஷிஃப்டுல ஊரான் வீட்டுப் புள்ளைக்குப் படப் புத்தகம் அடிச்சுக்கிட்டு இருந்தேன், அவனுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டல.

அந்த 9 பேர்ல இன்னும் எத்தன பேருக்கு இதே வெக்கமோ, எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட பாட்டி சந்தை புத்தகத்தக் குடுத்து, எழுத்தப் படிக்காத, படத்தப் பாத்து உன் வாய்க்கு வந்தத சொல்லுன்னேன். பாட்டி தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா, முருங்கக்காய் வெலை கேட்டு மயக்கம் போட்டா, டாக்ஸி கெடைக்காம எம்ஆர்டி ரயில் ஏறுனான்னு அவன் அளந்து விட்டான். எழுதுனதுக்கும் அவன் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. பேத்தி நடுவுல நடுவுல "பல்லி! பல்லி!"ன்னு திருத்திக்கிட்டே வந்தா. முடிஞ்சதும் ஒன்ஸ் மோர். அடுத்த நாள் அவனே எழுத்துக் கூட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான், நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு.

கிழிசலுக்கு என்கிட்ட மருந்து இருக்கு. இந்த ஒரு வாரத்துல 28ல 19 முடிச்சுட்டேன். சாதா ஸெலோடேப் ஒட்டாதீங்க, நம்ம ஊரு புழுக்கத்துல ரெண்டே வருஷத்துல பழுப்பாயி பிசுபிசுன்னு பக்கத்தோட ஒட்டிக்கும். மெல்லிசு டிஷ்யூ பேப்பரும் வெள்ளைக் கோந்தும் போதும், யானைக் காது அப்படித்தான் திரும்ப வந்துச்சு. கம்பி அடிச்ச புத்தகத்துல கம்பி துருப்பிடிச்சு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, நெசமாவே ஆபத்து அதுதான், அத உருவிட்டு மூணு ஓட்டைல தடி நூலு கோத்து தச்சுட்டேன். அட்டைப் புத்தகத்த நல்லாப் பிழிஞ்ச துணியால தொடச்சு, ஃபேனுக்குக் கீழ விரிச்சு நிக்க வச்சா அழுக்கும் போச்சு வாடையும் போச்சு. செலவு மொத்தம் 7 வெள்ளி.

நான் கேக்குறது இதுதான்.

பிரின்சிபல் அம்மா, இந்த 28 புத்தகத்தயும் வர்ற திங்கக்கிழமை அதே மூலைல திருப்பி வைங்க. முதுகு தெரியுற மாதிரி அடுக்காதீங்க, அட்டை மொகம் தெரியுற மாதிரி, புள்ளைங்க முழங்கால் உசரத்துல. நாலு டேப்லெட்டுல ரெண்டு இருக்கட்டும், வேற மேசைல, அடுத்து தொடக்கநிலை ஒண்ணுக்குப் போற கே2 புள்ளைங்களுக்கு மட்டும், ஒரு தடவைக்கு எத்தன நிமிஷம்னு எழுதி ஒட்டுங்க. இனிமே ஒரு புத்தகத்தக் கழிக்கிறதா இருந்தா தமிழாசிரியரும் ரெண்டு பெற்றோரும் கைல எடுத்துத் தொறந்து பாத்த பிறகு கழிங்க, சீனம் மலாய் இங்லீஷுக்கும் அதே சட்டம் போடுங்க. வருஷத்துக்குப் பத்தே பத்து நல்ல தமிழ்ப் படப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்குங்க, மொத்தமா கட்டுக் கட்டா மலிவா வர்றத வாங்காதீங்க, தமிழாசிரியர நேர்ல பாத்து எடுக்க விடுங்க, அவங்களுக்குத் தெரியும், அவங்கள யாரும் கேக்கல. வாரத்துல ஒரு நாளு அரை மணி நேரம் தாத்தா பாட்டி யாராவது வந்து படிச்சுக் காட்ட அனுமதி குடுங்க. கிழிஞ்சதயெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவ என்கிட்ட குடுங்க, காசு வேணாம், ஒரு கோப்பி போதும்.

பெத்தவங்களே, அந்த ஓட்டெடுப்ப திரும்ப நடத்துங்க. ஆனா இந்தத் தடவ போன்ல இல்ல. எங்க வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்து பத்துப் புத்தகத்தப் பெரட்டிட்டு, உங்க புள்ளைய மடில வச்சு ஒண்ணையாவது முடிச்சுட்டு, அப்புறம் ஓட்டுப் போடுங்க. அப்பவும் வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம் போகட்டும், கிழிஞ்சா கிழிஞ்சதுன்னு சொல்லிக் குடுத்துருங்க, திட்டாதீங்க.

ரெண்டு பெட்டியும் இப்ப எங்க ஹால்ல ஷூ ரேக்குக்குப் பக்கத்துல இருக்கு, பேரன் ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சு நிக்கப் பழகுறான். திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு டிராலியோட கீழ வந்து நிப்பேன். கதவ மட்டும் தொறந்து வைங்க.